லான்சரோட்டேயில் 7 நாள்: கடலுக்குப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தோம்

தென்னை மரம், வெள்ளை மணல், சாய்வு நாற்காலி, கையில் ஜூஸ் என்று மனதில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு லான்சரோட்டேவுக்கு டிக்கெட் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். நாங்களும் அப்படித்தான் போட்டோம். போன பிப்ரவரியில் மகளுக்குப் பள்ளி அரைப்பருவ விடுமுறை, ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், இங்கிலாந்தில் மூன்று வாரமாக விடாத மழை, அம்மா ஹீட்டர் பக்கத்திலேயே குடியிருந்தாள். "எங்கயாச்சும் வெயில் அடிக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போயேம்மா" என்று அப்பா கேட்டதும் வீட்டுக்காரர் எக்செல் ஷீட்டைத் திறந்துவிட்டார். அந்த ஷீட்டில் ஏழு நாளில் ஐந்து நாள் கடற்கரை என்று எழுதியிருந்தது. கடைசியில் கடலில் கால் நனைத்தது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்கும். ஆனால் இதுவரை போன பயணங்களில் அப்பா இன்னமும் திரும்பத் திரும்பப் பேசுவது இதைத்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் இது ஸ்பெயின் என்றே தோன்றாது. ஸ்பெயினின் பெருநிலத்திலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டரில் கிடக்கிறது. கேனரி தீவுகளில் கிழக்கு ஓரத்தில் இருப்பது. லண்டனிலிருந்து நாலு மணி நேரம், நேரமும் இங்கிலாந்து நேரமேதான், கடிகாரத்தை மாற்றும் வேலை இல்லை. பிப்ரவரியில் பகலில் 20, 21 டிகிரி, வெயிலில் நின்றால் சுள்ளென்று இருக்கும், நிழலுக்கு வந்தால் ஸ்வெட்டர் தேடும். நம் ஊர்க் கணக்கில் ஊட்டியில் மழை இல்லாத ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெனரீஃப் போகலாமா என்று கொஞ்சம் யோசித்தோம், அது பெரிய தீவு, காடும் மலையும் உண்டு, ஆனால் அப்பா அம்மாவோடு ஒரு வாரத்தில் அவ்வளவு தூரம் காரில் அலைய முடியாது என்று விட்டோம். லான்சரோட்டே நீளவாக்கில் அறுபது கிலோமீட்டர்தான். காலையில் தெற்கு முனையில் காபி குடித்துவிட்டு வடக்கு முனையில் மதியச் சாப்பாட்டுக்கு நிதானமாகப் போய்விடலாம்.

விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் சறுக்கும் இடம் இதுதான். தீவு ஆப்பிரிக்கா பக்கம் இருந்தாலும் ஷெங்கன்தான், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா. இந்திய பாஸ்போர்ட் என்றால் இங்கிலாந்தில் வேலை விசாவில் இருந்தாலும் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத குழந்தைகளுக்கு 45, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் வருகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு சென்னையிலேயே எடுத்துவிட்டோம். இங்கே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இங்கிலாந்துக்குத் திரும்பி நுழைய அவர்களுடைய விசா பலமுறை நுழைவதற்கானதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்து கார். கார் இல்லாமல் இந்தத் தீவுக்குப் போவது வீண். பஸ் இருக்கிறது, அதற்கு அங்கே 'குவாகுவா' என்று பெயர், அதைச் சொல்லிச் சொல்லியே என் மகள் இரண்டு நாள் சிரித்தாள். ஆனால் ஊருக்கு ஊர் போகத்தான் அது, எரிமலைப் பூங்காவுக்குள் கொண்டுபோய் விடாது. சரி, கார் எடுத்த கதைக்கு வருகிறேன். விலை ஒப்பிடும் தளத்தில் எல்லாவற்றையும்விட மலிவாக இருந்த ஒரு கம்பெனியில் புக் செய்தோம், பெயர் வேண்டாம். விமான நிலையத்தில் இறங்கினால் முக்கால் மணி நேர வரிசை. கவுன்டரில் இருந்தவர் முதலில் கேட்டது லைசென்ஸ் இல்லை, "முழு இன்சூரன்ஸ் போடுறீங்களா?" என்றுதான். வேண்டாம், தனியாக எடுத்திருக்கிறோம் என்றதும் முகம் மாறி, அப்படியானால் 1,200 யூரோ டெபாசிட், அதுவும் கிரெடிட் கார்டில் மட்டும்தான், டெபிட் கார்டு செல்லாது என்றார். வீட்டுக்காரர் கார்டில் அவ்வளவு இடம் இல்லை, என் கார்டைக் கொடுத்தால் கார்டும் ஓட்டுநரும் ஒரே பெயரில் இருக்க வேண்டுமாம். அதனால்தான் ஏழு நாளும் நான் ஓட்டினேன். அதற்கு மேல், 'ஐந்து பேர் கார்' என்று போட்டிருந்தது ஐந்து பேர் மட்டும் உட்காரும் கார், பெட்டி வைக்க இடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் போல. நாலு பெட்டியில் மூன்றுதான் டிக்கியில் போனது. நாலாவது, ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பெட்டி, அப்பா மடியில். விமான நிலையத்திலிருந்து நாங்கள் தங்கவிருந்த பிளாயா பிளாங்கா வரை அரை மணி நேரமும் அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார், வெளியே எரிமலை ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது, மனுஷனுக்குப் பெட்டியின் கைப்பிடிதான் தெரிந்தது.

ஓட்டுவது கஷ்டமில்லை. வலது பக்கம் போக வேண்டும் என்பது முதல் நாலு ரவுண்டானா வரை பயம், கியர் மாற்றப் போகும்போதெல்லாம் இடது கை கதவில் போய் இடிக்கும், பிறகு பழகிவிடும். சாலை வழுவழுவென்று இருக்கிறது, கூட்டம் இல்லை, பெட்ரோல் ஸ்பெயின் பெருநிலத்தைவிட மலிவு. 135 சென்டிமீட்டருக்கு மேல் வளராத குழந்தைக்கு சீட் கட்டாயம், வாடகைக்கு எடுத்தால் நாள் கணக்கில் தீட்டுவார்கள், வீட்டிலிருந்தே பூஸ்டர் சீட் எடுத்துப் போய்விடுங்கள். இன்னொன்று, மண் சாலையில் போய் அடிபட்டால் பெரும்பாலான வாடகைக் கார் இன்சூரன்ஸ் செல்லாது, அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பபகாயோ கடற்கரைக்குக் காரில் போகும் வழி மண் சாலைதான். பிளாயா பிளாங்காவிலிருந்து கரையோரமாக நடந்தே போகலாம், போக ஒரு மணி நேரம்.

முதல் நாலு இரவு பிளாயா பிளாங்காவில் ஒரு அபார்ட்மென்ட். தீவின் தெற்கு முனை, காற்று கொஞ்சம் குறைவு, அதனால் வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு இதுதான் சரி என்று எல்லாரும் சொன்னார்கள், அது உண்மைதான். புவெர்தோ தெல் கார்மென் என்ற ஊர் விமான நிலையத்துக்குப் பக்கம், ஆனால் ஆங்கிலேய பப் வரிசையைப் பார்க்க நான்கு மணி நேரம் பறக்கத் தேவையில்லை. கோஸ்தா தெகிசேயில் காற்று அதிகம், பாய்மரப் பலகை விடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் அபார்ட்மென்டில் சமையலறை நன்றாக இருந்தது, பிரஷர் குக்கர் கூட இருந்தது, அம்மாவுக்கு அதிலேயே பாதி விடுமுறை நிறைவேறிவிட்டது. ஆனால் விளம்பரத்தில் 'ஹீட்டட் பூல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மகள் நீச்சல் உடையோடு ஓடிப்போய்க் கட்டைவிரலை விட்டாள், அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். உரிமையாளருக்கு மெசேஜ் போட்டால், "சோலார் ஹீட்டிங், வெயிலைப் பொறுத்தது" என்று பதில். குளிர்காலத்தில் போகிறவர்கள் குளம் எத்தனை டிகிரி என்று எண்ணிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்று பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த விளம்பரப் படத்திலும் காற்று தெரியாது. வடகிழக்கிலிருந்து வருடம் முழுக்க அடிக்கிற காற்று இது. ஃபமாரா கடற்கரை பார்க்கப் பிரமாதம், பின்னால் செங்குத்தான பாறைச் சுவர், முன்னால் அலை, அலைச்சறுக்குக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாங்கள் துண்டை விரித்தோம், உட்காருவதற்குள் துண்டு போய்விட்டது. கொண்டுபோன லெமன் சாதத்தில் மணல். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தோம். அன்று இரவு ஷீட்டிலிருந்து கடற்கரை எல்லாவற்றையும் வீட்டுக்காரர் அழித்தார்.

அழித்தது நல்லதுக்குத்தான். மறுநாள் திமன்ஃபாயா எரிமலைப் பூங்காவுக்குப் போனோம். முதலில் பதினொரு மணிக்குப் போய்ச் சாலையில் நிற்கிற கார் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம், அதற்கடுத்த நாள் திறக்கும் நேரத்துக்கே போய் நின்றோம், பத்து நிமிடத்தில் மேலே. உள்ளே சொந்தக் கார் நிறுத்தும் இடம் வரைதான் போகும், அங்கிருந்து பூங்காவின் பஸ், 14 கிலோமீட்டர் சுற்று. பஸ்ஸை விட்டு இறங்க விடமாட்டார்கள், அது தெரிந்தே போங்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை, ஒரு செருப்புத் தடம் பட்டால் போகாத மண் அது.

1730 செப்டம்பர் 1 இரவு யாய்சா ஊர்ப் பக்கம் நிலம் பிளந்து மலை எழும்பியது என்று அந்த ஊர்ப் பாதிரியார் ஆந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ எழுதி வைத்திருக்கிறார். அது 1736 ஏப்ரல் வரை, ஐந்தரை வருடம் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. தீவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம், அதுவும் நல்ல விளைநிலம், ஊர் ஊராக அடியில் போய்விட்டது. 1824இல் இன்னொரு தடவை. பஸ் ஜன்னலில் பார்த்தால் உழுது போட்ட கரிசல் வயல் அப்படியே கல்லாகிப் போனது போல இருக்கிறது, நடுவே துருப்பிடித்த சிவப்பில், மஞ்சளில், சாம்பல் நிறத்தில் குழி குழியாக மலைகள். அப்பா வழி முழுக்கப் பேசவே இல்லை. இறங்கும்போதுதான், "முந்நூறு வருஷம் ஆகப்போகுது, ஒரு கோரைப்புல் முளைக்கலையே" என்றார்.

பஸ் புறப்படும் இடத்திலேயே வேடிக்கை காட்டுகிறார்கள். ஊழியர் ஒருவர் மண்வெட்டியால் கொஞ்சம் சரளைக்கல்லைக் கிளறி எடுத்து எல்லார் கையிலும் ஒரு பிடி போட்டார். நான் எதிர்பார்த்தது வெதுவெதுப்பு. அப்பா வாங்கின அடுத்த நொடி சட்டியிலிருந்து எடுத்த வறுகடலை மாதிரி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே "அடேங்கப்பா, அடேங்கப்பா" என்றார். அப்புறம் ஒரு குழியில் காய்ந்த செடியை கவட்டைக் கம்பால் தள்ளினார்கள், புகைந்தது, காற்று ஒரு தடவை சுழன்று அடித்ததும் குபீரென்று பற்றிக்கொண்டது. அடுத்து தரையில் பதித்திருந்த குழாயில் ஒரு வாளி தண்ணீர். இரண்டு நொடி எதுவும் இல்லை. பிறகு வெடிச் சத்தத்தோடு நீராவி ஆள் உயரத்துக்கு மேல் சீறியது, மகள் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது, கத்தி முடித்ததும் "இன்னொரு தடவை ஊத்தச் சொல்லுங்கம்மா" என்றாள். சில மீட்டர் ஆழத்திலேயே சில நூறு டிகிரி சூடு இருக்கிறது. அந்தச் சூட்டை வைத்துத்தான் அங்கே எல் தியாப்லோ உணவகத்தில் கோழி சுடுகிறார்கள், கிணறு போன்ற வட்டத்தின் மேல் இரும்புக் கம்பி வலை, கீழே விறகும் இல்லை, கேஸும் இல்லை. சைவக்காரர்கள் கூட அந்தக் கிணற்று விளிம்பில் முகத்தைக் காட்டிவிட்டு வரலாம், அனல் அடிக்கும். அந்த இடத்துக்குப் பெயர் இஸ்லோத்தே தெ இலாரியோ. இலாரியோ என்ற துறவி தன் ஒட்டகத்தோடு அங்கே தனியாக வாழ்ந்து ஒரு அத்திமரம் நட்டாராம், மரம் வளர்ந்ததாம், நெருப்பைக் குடித்து வளர்ந்ததால் காய்க்கவே இல்லையாம். அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்லிவிட்டுப் போவதை அவர்கள் ஒரு முழுக் கதையாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து லா ஹெரியா. என்னைக் கேட்டால் திமன்ஃபாயாவுக்கு ஐந்துக்கு ஐந்து, லா ஹெரியாவுக்கு அதற்கு மேல், அதுவும் காசில்லாமல், சாலையோரம் வண்டியை நிறுத்தினால் போதும். கண்ணுக்கெட்டும் வரை கரும் சாம்பல் சரிவு, அதில் ஆயிரக்கணக்கில் வட்டக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரே ஒரு திராட்சைக் கொடி, ஒவ்வொரு குழிக்கும் காற்று வரும் பக்கம் அரைவட்டமாக அடுக்கிய கல் சுவர். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மழைதான் இங்கே. எரிமலைச் சாம்பல் வந்து நல்ல மண்ணை மூடிவிட்டது, ஜனங்கள் அந்தச் சாம்பலைத் தோண்டி அடிமண்ணில் வேர் படும்படி நட்டார்கள், சாம்பல் ராத்திரிப் பனியை உறிஞ்சிக் கீழே இறக்குகிறது, பகலில் ஈரத்தைப் போகவிடாமல் தடுக்கிறது. நான் இதை போனில் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன், அப்பா அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பலை விரலால் நோண்டிவிட்டார். ரெண்டு விரற்கடைக்குக் கீழே கறுப்பு இன்னும் கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. "மூடாக்கு" என்றார். "நாம வைக்கோலைப் போடுவோம், இவன் நெருப்பையே போட்டிருக்கான்." மணப்பாறையில் மானாவாரி நிலத்தோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டினவர், அவருக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. (குழிக்குள் இறங்காதீர்கள், அது யாரோ ஒருவருடைய வயல். சாம்பலையும் கல்லையும் நினைவுப் பொருளாக எடுத்துவரவும் கூடாது, தடை உண்டு.) வழியில் ஒயின் தயாரிக்கும் இடங்கள் இருக்கின்றன, எல் கிரிஃபோ 1775இலிருந்து நடக்கிறதாம். மல்வாசியா என்ற திராட்சையின் வெள்ளை ஒயின், நான் வண்டி ஓட்ட வேண்டியவள், வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்து ருசி பார்த்தார். அம்மா கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டாள், மாப்பிள்ளையாயிற்றே.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, எல் கோல்ஃபோ ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய கடையில் அப்பா முழு மீன் ஒன்றை முள்ளை மட்டும் விட்டுவைத்து முடித்தார். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அங்கே 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது, சாலட் கேட்டால் மேலே டூனா மீனைத் தூவிக் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது சாலட்தான். இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லுங்கள்: 'சின் கார்னே, சின் பெஸ்காதோ'. காய்கறி சூப் என்று இருந்தாலும் உள்ளே பன்றிக்கறித் துண்டு இருக்கலாம், கேட்டுவிடுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியது பாப்பாஸ் அருகாதாஸ். சின்னச் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு உப்பு அள்ளிப்போட்ட தண்ணீரில் வற்றும் வரை வேகவைக்கிறார்கள், தோல் சுருங்கி மேலே உப்புப் பூத்து வருகிறது. தொட்டுக்கொள்ள மோஹோ என்று இரண்டு சட்னி, சிவப்பு மிளகாயில் ஒன்று, கொத்தமல்லியில் ஒன்று, இரண்டிலும் பூண்டும் சீரகமும் வினிகரும். அம்மா பச்சையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "புளிக்குப் பதிலா என்னமோ ஊத்திருக்கான், மத்தபடி நம்ம மல்லிச் சட்னிதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஏழு நாளில் ஐந்து நாள் அதுதான் அவளுக்கு மதியச் சாப்பாடு. சுட்ட ஆட்டுப்பால் சீஸும் மோஹோவோடு வரும், அதுவும் ருசிதான்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கண்டுபிடிப்பு. மாவு அடுக்கில் காகிதப் பொட்டலமாக கோஃபியோ என்று ஒன்று. மக்காச்சோளத்தையோ கோதுமையையோ வறுத்து அரைத்த மாவு. இந்தத் தீவுகளின் ஆதிக்குடிகள் காலத்திலிருந்தே இருப்பது, காலையில் பாலில் கலந்து குடிப்பார்கள், குழம்பிலும் கிளறுவார்கள். அம்மா பொட்டலத்தை மூக்கில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான், மறுநாள் காலையிலிருந்து வெல்லத்துக்குப் பதில் தேன் விட்டுக் கஞ்சி. மகள் சத்துமாவுக் கஞ்சியைப் பார்த்தால் ஓடுகிறவள், 'ஸ்பானிஷ்' என்று சொன்னதும் இரண்டு கிண்ணம் குடித்தாள். தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், குழாயில் வருவது கடல்நீரைக் குடிநீராக்கியது, குளிக்க, சமைக்கப் பரவாயில்லை, டீக்கு ருசி இல்லை, பெரிய கேனாக வாங்கிவிடுங்கள்.

கடைசி மூன்று இரவு வடக்கே அரியா என்ற ஊரில் ஒரு பழைய வீடு. இதுதான் நாங்கள் சரியாகத் திட்டமிட்ட ஒரே விஷயம். பள்ளத்தாக்கு முழுக்கப் பனைச்சாதி மரம், வெள்ளைச் சுவரும் பச்சைக் கதவுமாக வீடுகள், சனிக்கிழமை காலையில் கைவினைச் சந்தை. இரவில் குளிரும், கம்பளி கேளுங்கள். தெற்கில் தங்கியிருந்தபோது டூரிஸ்ட் மாதிரி இருந்தோம், இங்கே பக்கத்து வீட்டம்மா அம்மாவுக்குக் கை காட்டுகிற அளவுக்கு வந்தோம். குகைகளும் இங்கிருந்து பக்கம்.

தீவில் எங்கே திரும்பினாலும் செசார் மன்ரிக்கே என்ற பெயர். அரெசிஃபேயில் 1919இல் பிறந்த ஓவியர், நியூயார்க்கில் சில வருடம் இருந்துவிட்டு 1966இல் திரும்பி வந்து, அடுக்குமாடி கட்டாதே, சாலையில் விளம்பரப் பலகை வைக்காதே என்று சண்டை போட்டே தீவின் முகத்தைக் காப்பாற்றியவர். ஏழு நாள் ஓட்டினதில் ஊருக்கு வெளியே ஒரு ஜவுளிக்கடைப் பலகை கூட என் கண்ணில் படவில்லை, திருச்சி பைபாஸை நினைத்துப் பெருமூச்சுதான் விட்டேன். தாஹிச்சேயில் அவர் வீடு இப்போது அறக்கட்டளை நடத்தும் காட்சியகம், எரிமலைக் குழம்பு ஊதிவிட்டுப் போன ஐந்து குமிழிகளை ஒன்றோடொன்று இணைத்து அறைகளாக்கியிருக்கிறார். ஒரு ஜன்னல் வழியாகக் கருங்குழம்பு அறைக்குள் வழிந்து வந்து நின்றது போல விட்டிருக்கிறார், உள்ளேயே வரவிட்டிருக்கிற அந்தத் துணிச்சலை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1992 செப்டம்பரில் அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே கார் விபத்தில் இறந்துபோனார். அரியா இடுகாட்டில்தான் இருக்கிறார்.

குகைகளில் இரண்டு. ஹமேயோஸ் தெல் அகுவாவில் நிலத்தடி நீர்நிலை ஒன்று, அதில் கண் இல்லாத, வெள்ளை வெளேரென்று ஒரு சென்டிமீட்டர் அளவில் குட்டி நண்டுகள், பார்த்தால் யாரோ அரிசியைச் சிதறவிட்டது போல இருக்கும். தண்ணீரைப் பார்த்ததும் காசு போடும் பழக்கம் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், உலோகம் கரைந்தால் அவை செத்துவிடும். குயேவா தெ லோஸ் வெர்தெஸ் இன்னொன்று, பச்சைக் குகை என்று அர்த்தமில்லை, வெர்தெஸ் என்பது குடும்பப் பெயர். கடற்கொள்ளையர் வரும்போது ஜனங்கள் ஒளிந்த இடம். ஒரு கிலோமீட்டர் நடை, சில இடங்களில் நன்றாகக் குனிய வேண்டும். முடிவில் ஒரு விஷயம் இருக்கிறது, வெளியே போய்ச் சொல்லாதீர்கள் என்று வழிகாட்டி கேட்டுக்கொள்கிறார், நானும் சொல்லமாட்டேன். அம்மா சட்டென்று பின்வாங்கி என் முழங்கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்தது, அடுத்த நிமிடம் சிரித்த சிரிப்பில் முட்டிவலி மறந்துபோனாள்.

முட்டிவலி என்றதும் ஞாபகம் வருகிறது: ஹமேயோஸில் படிகள் அதிகம், மெதுவாக இறங்கி மெதுவாக ஏறினோம். திமன்ஃபாயா பஸ் பெரியவர்களுக்குச் சுகம். மிராதோர் தெல் ரியோ மலைமுனையில் கட்டின காட்சிமாடம், சுமார் 475 மீட்டர் உயரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழே லா கிராசியோசா தீவு தட்டையாகக் கிடக்கும், அம்மா அங்கே காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். மேகம் இறங்கியிருந்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், கிளம்பும் முன் வானத்தைப் பாருங்கள். இந்த இடங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் விற்கிறார்கள், மூன்றுக்கு மேல் பார்ப்பதாக இருந்தால் அதை எடுங்கள்.

குவாதிசாவில் கள்ளித்தோட்டம், இந்தத் தீவில் மன்ரிக்கேயின் கடைசிப் பெரிய வேலை, 1990. கள்ளியைப் பார்க்கக் காசா என்று அப்பா முணுமுணுத்தார், பிறகு வெளியே வர மனமில்லாமல் நின்றார். தோட்டத்துக்கு வெளியே வயல் வயலாகச் சப்பாத்திக்கள்ளி, மடலில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் பூச்சி. ஒன்றை நசுக்கினால் விரல் முழுக்க ரத்தச் சிவப்பு, கழுவியும் சாயந்திரம் வரை போகவில்லை. கொச்சினீல் சாயம், செயற்கைச் சாயம் வரும் வரை இந்தத் தீவுகள் அதை வைத்துத்தான் பிழைத்தன. இதே பூச்சிச் சாயத்துக்காக 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் சைதாப்பேட்டையில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித்தோட்டம் போட்டார், சாயம் சரியாக வரவில்லை. அப்பாவுக்குச் சொன்னால், "அங்க மழை அதிகம்னு நினைக்கிறேன்" என்றார், சென்னையைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் கலிமா அடித்தது. சஹாராவிலிருந்து தூசி கிளம்பி வருவதற்கு அந்தப் பெயர். வானம் நீர்த்த டீ நிறத்தில், கார் மேல் மாவு போலத் தூசி, தொண்டை கரகரப்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

திரும்பக் காரைக் கொடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்துவைத்தேன், நல்லவேளை. டெபாசிட் 19 நாள் கழித்து வந்தது, 'உள்ளே மணல்' என்று 40 யூரோ பிடித்துக்கொண்டு. வீடியோவை அனுப்பியதும் மூச்சில்லாமல் அதையும் திருப்பிப் போட்டார்கள். அடுத்த தடவை இரண்டு நாள் தெற்கில், ஐந்து நாள் அரியாவில், டிக்கி பெரிய கார், ஓர்சோலாவிலிருந்து படகில் லா கிராசியோசா ஒரு நாள் என்று வீட்டுக்காரர் புது ஷீட் போட்டு வைத்திருக்கிறார்.

கோஃபியோ இரண்டு பொட்டலம் மணப்பாறைக்குப் போனது. போன வாரம் அம்மா போன் செய்தாள். "அது தீர்ந்துபோச்சுடி. மக்காச்சோளத்தை நானே வறுத்து மில்லுல குடுத்து அரைச்சிட்டேன். அவன் இன்னும் கொஞ்சம் கருக வறுக்கிறான், வேற ஒண்ணுமில்ல."